ஒரே உணவும் வேறுபடும் அளவீடும்: இரண்டாம் வகை நீரிழிவில் குருதிக் குளுக்கோசு பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துப் பேச்சுவழக்கில் நீரிழிவு நோய்க்குச் 'சீனி வருத்தம்' என்று பெயர். நோயைச் சுட்டும் இப்பெயருக்குள் நோயாளியைப் பற்றிய ஒரு தீர்ப்பும் அடங்கியுள்ளது. இனிப்பை உண்டவருக்குச் சீனி கூடும், நாவை அடக்கியவருக்குக் குறையும் என்பதே அத்தீர்ப்பு. எனவே குருதிப் பரிசோதனையின் பெறுபேறு நோயாளியின் ஒழுக்கத்துக்கு வழங்கப்படும் நற்சான்றிதழாகவோ குற்றப்பத்திரிகையாகவோ வாசிக்கப்படுகின்றது. அளவு கூடியிருப்பின், 'என்ன சாப்பிட்டீர்கள்?' என்பதே முதலில் எழும் வினா. 'வழக்கமாகச் சாப்பிடுவதைத்தான்' என்ற விடையை வீட்டாரும் நம்புவதில்லை. சிகிச்சை நிலையத்தாரும் பல வேளைகளில் நம்புவதில்லை.

அவ்விடை பெரும்பாலும் உண்மையாகவே இருக்கக்கூடும் என்பதை இக்கட்டுரையில் நாம் காட்ட முற்படுகின்றோம். திங்கட்கிழமை காலை உண்ட அதே பிட்டையும் அதே கறியையும் வியாழக்கிழமையும் உண்ட ஒருவருக்கு, இரு நாள்களிலும் இரண்டு மணி நேரத்தின் பின் எடுத்த அளவீடுகள் 170 என்றும் 230 என்றும் வரலாம். இதற்கு மாயமோ களவோ காரணமன்று. உடற்றொழிலியலின் விதிகளுக்கு உட்பட்ட, ஆராய்ந்தறியத்தக்க காரணங்கள் பல உள. 2005-2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட தேசிய அளவிலான ஆய்வொன்று, 20 வயதுக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. இத்துணைப் பெருந்தொகையினரைப் பற்றிய ஒரு தவறான வாசிப்பு, வெறும் அறிவியற் பிழையாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

அளவீடு எதனைக் காட்டுகின்றது?

குருதியில் ஒரு கணத்தில் உள்ள குளுக்கோசின் மொத்த அளவு நாம் எண்ணுவதைக் காட்டிலும் மிகச் சிறிது. வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லீற்றர் குருதி இருக்கின்றது. ஒரு டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராம் என்ற செறிவில் அக்குருதி முழுவதிலும் உள்ள குளுக்கோசு 5 கிராம் மட்டுமே. ஒரு தேக்கரண்டிச் சீனியின் நிறை அவ்வளவே. நடுத்தரமான ஒரு தட்டுச் சோற்றிலோ 60 கிராம் அளவு காபோவைதரேற்று உண்டு. அஃதாவது, ஒரு வேளை உணவு குருதியில் ஏற்கெனவே உள்ளதைப் போலப் பன்னிரண்டு மடங்கு குளுக்கோசைக் கொண்டுவருகின்றது.

இதனை ஒரு குளத்துக்கு ஒப்பிடலாம். குளத்தின் நீர்மட்டத்தைக் காட்டும் கல்லைப் பார்த்து, நேற்று எவ்வளவு மழை பெய்தது என்று கூறிவிட முடியாது. வாய்க்கால் வழியே வந்த நீர் எவ்வளவு, துருசு வழியே வயலுக்குச் சென்றது எவ்வளவு, மழைக்கு முன் மட்டம் எங்கே நின்றது என்பனவும் தெரிய வேண்டும். குருதிக்கும் வரவுகள் உண்டு, செலவுகளும் உண்டு. குடலிலிருந்து வருவது ஒரு வரவு. ஈரலிலிருந்து வருவது மற்றொன்று. மூளையும் தசையும் கொழுப்பிழையமும் ஏனைய உறுப்புகளும் செலவு செய்கின்றன. செறிவு ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடக்கும்போது சிறுநீரகமும் குளுக்கோசை வெளியேற்றத் தொடங்கும். அது குளம் வான் பாய்வதை ஒத்தது.

ஈரலின் வரவே பொதுவாக மறக்கப்படுவது. இறைச்சியை மட்டும் உண்ட விலங்கின் ஈரலிலிருந்து வெளியேறும் குருதியிலும் வெல்லம் உண்டென்பதைப் பிரெஞ்சு உடற்றொழிலியலறிஞர் குளோட் பேர்னாட் 1848 இல் கண்டார். 1857 இல் ஈரலிலுள்ள சேமிப்புப் பொருளாகிய கிளைக்கோசனைப் பிரித்தெடுத்தார். உணவின்றி உறங்கும் வேளையிலும் ஈரல் நிமிடத்துக்கு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 2 மில்லிகிராம் குளுக்கோசைக் குருதியிற் சேர்க்கின்றது. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவருக்கு இது மணிக்கு 7 கிராம். பத்து மணி நேர இரவில் 70 கிராம். ஒரு தட்டுச் சோற்றில் உள்ளதற்கு நிகரான குளுக்கோசை, எதையும் உண்ணாமலே ஓர் இரவில் உடல் தானே குருதியில் இடுகின்றது.

நோயற்ற உடலில் உணவு வந்ததும் சதையியின் பீற்றாக் கலங்கள் சில நிமிடங்களுக்குள் இன்சுலினைச் சுரக்கின்றன. ஈரல் தன் வரவை அடக்கிக்கொள்கின்றது. தசை தன் வாயிலைத் திறக்கின்றது. இரண்டாம் வகை நீரிழிவில் அந்த முதற்கட்டச் சுரப்பு மங்கிவிடுகின்றது. சுரக்கும் இன்சுலினுக்குத் தசையும் ஈரலும் போதிய அளவு செவிசாய்ப்பதில்லை. உணவின் பின் அடங்க வேண்டிய குளூக்ககன் என்னும் ஓமோனும் அடங்குவதில்லை. ஆகவே குடலிலிருந்தும் ஈரலிலிருந்தும் ஒரே வேளையில் வரவு நிகழ்கின்றது.

இவ்விடத்தில் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குளுக்கோசு குருதியில் மட்டுமன்றிக் கலங்களுக்கு வெளியேயுள்ள பாய்மத்திலும் பரவுகின்றது. அப்பரப்பை 12 லீற்றர் எனக் கொள்வோம். உணவுக்கு முன் அளவீடு 120. உணவிலிருந்து 60 கிராம் வருகின்றது. இரண்டு மணி நேரத்தில் உடல் அதில் 50 கிராமை அகற்றிவிட்டால், எஞ்சும் 10 கிராம் செறிவை 83 ஆல் உயர்த்தும். அளவீடு 203 ஆகும். மற்றொரு நாள் உடல் 46 கிராமை மட்டுமே அகற்றினால், எஞ்சும் 14 கிராம் செறிவை 117 ஆல் உயர்த்தும். அளவீடு 237 ஆகும். அகற்றும் திறன் குறைந்தது நூற்றுக்கு 8 மட்டுமே. ஆனால் ஏற்றமோ நூற்றுக்கு 40 கூடிவிட்டது. உண்மை உடல் இக்கணக்கைவிடச் சிக்கலானது. எனினும் அடிப்படை இதுவே. நாம் அளப்பது இரு பெரிய தொகைகளின் சிறிய வேறுபாட்டை. பெரிய தொகைகளுள் ஒன்று சிறிதளவு அசைந்தாலும் வேறுபாடு பெரிதும் அசையும். நீரிழிவற்றவரில் இன்சுலின் அவ்வசைவைக் கணந்தோறும் திருத்திக்கொள்கின்றது. நோயாளியில் அத்திருத்தம் தளர்ந்திருப்பதால் சிறு காரணங்களும் பெரிய எண்களாக வெளிப்படுகின்றன.

உணவு உண்மையில் ஒன்றுதானா?

'அதே சோறு' என்று நாம் கூறுவது கண்ணளவில் மட்டுமே. அகப்பையின் அளவு நாளுக்கு நாள் வேறுபடும். அரிசியின் இனம் மாறினால் மாப்பொருளின் அமைப்பும் மாறும். அமைலோசு கூடிய அரிசி மெதுவாகச் சமிக்கும். அமைலோபெக்ரின் கூடிய குழைவான அரிசி விரைந்து சமிக்கும். சோற்றை எவ்வளவு நேரம் வேகவைத்தோம், குழைய விட்டோமா, சூடாக உண்டோமா, ஆறவிட்டு உண்டோமா என்பனவும் கணக்கில் வரும். வெந்த மாப்பொருள் ஆறும்போது அதன் ஒரு பகுதி மீண்டும் இறுகிச் சமிபாட்டு நொதியங்களுக்கு இடங்கொடாத வடிவத்தை அடைகின்றது. கொழும்பிலுள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், தேங்காயெண்ணெய் சேர்த்து அவித்துக் குளிரவைத்த சோற்றில் இவ்வகை மாப்பொருள் கூடுவதை 2015 இல் அறிவித்தனர். ஆயின் அது ஆய்வுகூடத்தில் அளக்கப்பட்ட மாற்றம். நோயாளிக்கான மருந்துக் குறிப்பாக அதனைக் கொள்ளலாகாது.

உண்ணும் ஒழுங்கும் முக்கியமானது. நியூயோர்க்கின் வெயில் கோர்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015 இல் இரண்டாம் வகை நீரிழிவுடைய 11 பேருக்கு ஒரே உணவை இரு நாள்களில் அளித்தனர். ஒரு நாள் பாணும் பழச்சாறும் முதலில். மறு நாள் மரக்கறியும் கோழியிறைச்சியும் முதலில். உணவுப் பொருள்களும் அளவும் மாறவில்லை. ஆனால் மரக்கறியையும் புரதத்தையும் முதலில் உண்ட நாளில், ஒரு மணி நேரத்தின் பின்னான குளுக்கோசு அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாழ்ந்திருந்தது. ஆகவே கீரையையும் பருப்பையும் முதலில் உண்டு சோற்றுக்கு வந்த நாளும், பசியில் வெறுஞ்சோற்றை முதலில் விழுங்கிய நாளும் ஒன்றாகா.

இரைப்பையின் பங்கையும் கருத வேண்டும். உணவை அது சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்கு அனுப்புகின்றது. நிமிடத்துக்கு 1 முதல் 4 கிலோகலோரி வரை என இவ்வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே ஆளிலும் நாளுக்கு நாள் மாறும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு அதனைத் தாமதப்படுத்தும். இத்தகைய நாளில் இரண்டு மணி நேர அளவீடு தாழ்ந்து காணப்பட்டு, நான்காம் மணியில் உயர்வு வரலாம். அளவீட்டை எடுத்தவருக்கு அவ்வுயர்வு தெரியவே வராது. நெடுங்கால நோயால் இரைப்பை நரம்புகள் பாதிக்கப்பட்டவரில் இத்தாமதம் மேலும் ஒழுங்கற்றதாகின்றது.

உணவுக்கு முந்திய வரலாறு

ஒவ்வோர் உணவும் முன்னைய மணித்தியாலங்களின் தொடர்ச்சியாகவே உடலுள் நுழைகின்றது. இரண்டாவது முறை கொடுக்கப்படும் குளுக்கோசு, முதல் முறையைவிடக் குறைந்த ஏற்றத்தையே உண்டாக்கும் என்பதை ஸ்ரவுப், திராவுகொட் ஆகிய அறிஞர்கள் 1921-1922 ஆம் ஆண்டுகளிலேயே கண்டிருந்தனர். இதன் மறுபக்கத்தை 2015 இல் வெளிவந்த இஸ்ரேலிய ஆய்வொன்று தெளிவாகக் காட்டிற்று. இரண்டாம் வகை நீரிழிவுடைய 22 பேர் ஒரு நாள் காலையுணவு உண்டனர். மற்றொரு நாள் அதனைத் தவிர்த்தனர். மதிய உணவும் இரவுணவும் இரு நாள்களிலும் ஒன்றே. காலையுணவைத் தவிர்த்த நாளில் மதிய உணவின் பின் உச்ச அளவு சராசரி 268 ஆகவும், உண்ட நாளில் 192 ஆகவும் இருந்தது. குறைவாக உண்ட நாளிலேயே அளவு கூடியது. நெடுநேரம் பட்டினி கிடக்கும்போது குருதியில் கொழுப்பமிலங்கள் பெருகித் தசை குளுக்கோசை ஏற்பதைத் தடுப்பதும், முதலுணவால் விழிப்பூட்டப்படாத பீற்றாக் கலங்கள் மந்தமாகத் துலங்குவதும் இதற்குரிய காரணங்களாகக் கருதப்படுகின்றன.

உறக்கமும் இவ்வாறே. நெதர்லாந்தின் லெய்டன் ஆய்வாளர்கள் 2010 இல், நோயற்ற சிலரை ஓர் இரவு 4 மணி நேரம் மட்டும் உறங்கவிட்டு ஆராய்ந்தபோது, இன்சுலினின் தூண்டலால் குளுக்கோசு அகற்றப்படும் வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நாம் மேலே போட்ட கணக்கில் நூற்றுக்கு 8 குறைந்ததற்கே ஏற்றம் எவ்வளவு மிகுந்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும்.

உடலுழைப்பு எதிர்த்திசையில் இயங்குகின்றது. சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் துணையின்றியே குளுக்கோசை உள்ளே எடுக்கவல்லது. உழைப்பு முடிந்த பின்னும் ஒரு நாள் தொடக்கம் இரண்டு நாள் வரை அத்தசை இன்சுலினுக்குக் கூடுதலாகத் துலங்கும். ஆகவே நேற்று வயலில் நின்றவரும், நேற்று முழுவதும் பேருந்திலும் வரிசையிலும் இருந்தவரும் இன்று ஒரே பிட்டை உண்டாலும் ஒரே அளவீட்டைப் பெறார்.

விடியற்காலையில் வளர்ச்சி ஓமோனும் கோட்டிசோலும் ஈரலின் வரவைக் கூட்டுவதால், இந்நோயாளர் பலருக்குக் காலையுணவே மிகப் பெரிய ஏற்றத்தைத் தருகின்றது. அதே உணவை மதியம் உண்டால் ஏற்றம் குறையலாம். காய்ச்சல், பற்சீழ், ஆறாத புண், கடுங்கவலை ஆகியனவும் இவ்வகை ஓமோன்களைப் பெருக்குகின்றன. இழுப்புக்கு விழுங்கக் கொடுக்கப்படும் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்ரீரொயிட்டு மருந்துகள் சில நாள்களுக்குள் அளவைப் பெரிதும் உயர்த்தக்கூடும். கிளிக்கிளசைட்டு போன்ற மாத்திரையை உணவுக்கு முன் விழுங்கியதற்கும், மறந்து உணவின் பின் விழுங்கியதற்கும் வேறுபாடு உண்டு.

கருவியும் கடிகாரமும்

இதுவரை உடலில் நிகழும் உண்மையான மாற்றங்களைக் கூறினோம். உடலில் எதுவும் மாறாதபோதும் எண் மாறக்கூடும். வீட்டில் பயன்படும் அளவுமானிகளுக்கான 2013 ஆம் ஆண்டுச் சர்வதேச நியமம், 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் நூற்றுக்கு 95 அளவீடுகள் உண்மைப் பெறுமானத்திலிருந்து நூற்றுக்கு 15 வரை விலகியிருப்பதை ஏற்றுக்கொள்கின்றது. எனவே உண்மைப் பெறுமானம் 200 ஆயின், 170 உம் 230 உம் இரண்டும் ஏற்கத்தக்க அளவீடுகளே. நாம் தொடக்கத்திற் குறித்த திங்கள், வியாழன் அளவீடுகளுக்கிடையே உடலில் எவ்வித வேறுபாடும் இல்லாதிருந்திருக்கலாம்.

பழத்தை உரித்த விரலைக் கழுவாது குத்தினால், தோலில் ஒட்டிய வெல்லமும் சேர்ந்தே அளக்கப்படும். வெப்பமும் ஈரமும் பட்ட பரிசோதனைக் கீற்றுகள் பிழைபடும். குருதிச்சோகை உள்ளவரில் பல மானிகள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். உணவின் பின் விரல்நுனிக் குருதியின் அளவு, கையின் நாளத்திலிருந்து எடுக்கும் குருதியின் அளவைவிடக் கூடுதலாயிருப்பது இயல்பு. இடையிலுள்ள இழையங்கள் குளுக்கோசை எடுத்துக்கொள்வதே காரணம். நாளத்திலிருந்து எடுத்த குருதியை உடனே பிரிக்காது அறை வெப்பநிலையில் வைத்தால், குருதிக் கலங்களே மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 வரை குளுக்கோசைத் தின்றுவிடும். ஆகவே வீட்டு மானியையும் ஆய்வுகூடப் பெறுபேற்றையும் அருகருகே வைத்து ஒன்றைப் பொய்யென்பது பொருந்தாது.

கடிகாரமும் பிழைக்கு இடந்தருகின்றது. 'உணவின் பின் இரண்டு மணி நேரம்' என்பது முதற் கவளத்திலிருந்து எண்ணப்பட வேண்டியது. ஒரு நாள் தொடக்கத்திலிருந்தும் மறு நாள் முடிவிலிருந்தும் எண்ணினால் அரைமணி நேரம் பிசகும். செறிவு விரைந்து ஏறியிறங்கும் வேளையில் அரைமணி நேரம் சிறிதன்று.

இவையெல்லாம் நீரிழிவு உள்ளவருக்கு மட்டும் உரியன என எண்ண வேண்டா. பொஸ்ரனில் உள்ள ரவ்ற்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவற்ற 63 பேருக்கு வெள்ளைப் பாணைத் திரும்பத் திரும்ப அளித்து அதன் கிளைசீமியச் சுட்டியைக் கணித்தனர். சராசரி 62. ஆனால் ஒரே ஆளில், ஒரே பாணுக்கு, நாளுக்கு நாள் காணப்பட்ட வேறுபாடு நூற்றுக்கு 20; ஆளுக்கு ஆள் வேறுபாடு நூற்றுக்கு 25. தாழ்ந்தது, இடைத்தரமானது, உயர்ந்தது என உணவுகளை வகுக்கும் அட்டவணையின் மூன்று வகுப்புகளிலும் அதே பாண் இடம்பெறக்கூடிய நிலை தோன்றிற்று. ஆய்வுகூடக் கட்டுப்பாட்டிலேயே இந்நிலை எனின், அடுப்படியிலும் வேலைத்தலத்திலும் உண்ணப்படும் உணவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எவ்வாறு வாசித்தல் வேண்டும்?

மேற்கூறியவற்றைக் கொண்டு, 'அளந்து பயனில்லை; உணவைப் பற்றிக் கவலை வேண்டா' என்று முடிவு கட்டுவது பெருந்தவறாகும். மழை குளத்தை நிரப்புவது போல, உண்ணும் காபோவைதரேற்றின் அளவே உணவின் பின்னான ஏற்றத்தின் தலையாய காரணியாக இருக்கின்றது. தொடர்ந்து உயர்ந்து நிற்கும் குளுக்கோசு கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் இதயத்தையும் பாதிக்கின்றது. ஆகவே அளவீட்டைத் தனியொரு தீர்ப்பாகக் கொள்ளாது, ஒரு வரிசையின் உறுப்பாக வாசிக்கப் பழக வேண்டும்.

உணவுக்கு முன்னும் பின்னும் இணையாக எடுத்த அளவீடுகள், பின்னர் மட்டும் எடுத்ததைவிட மிகுதியாகப் பேசும். 180 இல் தொடங்கி 230 இல் முடிந்த உணவும், 110 இல் தொடங்கி 230 இல் முடிந்த உணவும் ஒரே எண்ணில் முடிந்தனவாயினும் ஒரே செய்தியைத் தருவன அல்ல. முன்னதில் ஆராய வேண்டியது இரவும் ஈரலும். பின்னதில் ஆராய வேண்டியது தட்டு. ஓர் உணவைப் பற்றி முடிவுகூற, அதனை மூன்று நான்கு நாள்களில் ஒரே நேரத்தில் சோதித்துப் பார்த்தல் நன்று. அளவீட்டின் அருகில் உறக்கம், உழைப்பு, மருந்து விழுங்கிய நேரம், உடல்நலக்குறைவு ஆகியவற்றை ஓரிரு சொல்லிற் குறித்துவைப்பின், எண்களின் பின்னுள்ள ஒழுங்கு தெரியவரும்.

இரண்டு மூன்று மாதங்களின் போக்கைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை தனி அளவீடுகளின் அலைவைச் சமன்செய்கின்றது. எனினும் அதுவும் குறையற்றதன்று. இரும்புக் குறைபாட்டுச் சோகை, இலங்கையின் சில பகுதிகளிற் காணப்படும் தலசீமியா போன்ற குருதி நோய்கள் அதன் பெறுமானத்தைப் பிறழச் செய்யும்.

ஓர் உயர்ந்த அளவீட்டைக் கண்டு நோயாளி தாமாக மாத்திரையைக் கூட்டுவதும், ஒரு நல்ல அளவீட்டைக் கண்டு நிறுத்திவிடுவதும் ஒருபோலத் தீங்கானவை. 70 இற்குக் கீழ் வந்த அளவீடோ, வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் ஆகிய குறிகளோ மட்டும் வரிசைக்குக் காத்திரா. உடனே இனிப்பு உட்கொண்டாக வேண்டும். காரணந் தெரியாது பல நாள் உயர்ந்தே நிற்கும் அளவு மருத்துவரிடம் எடுத்துச் செல்லப்பட வேண்டும்.

யாருடைய குற்றம்?

இறுதியாக, இவ்விடயத்தின் சமூகப் பக்கத்தையும் நாம் நோக்க வேண்டும். அளவீட்டை அசைக்கும் காரணிகளாகக் கூறியவற்றைத் திரும்பிப் பார்ப்போம். இரவு உறக்கம், காலையுணவு, உழைப்பின் நேரம், அரிசியின் தரம், தட்டில் மரக்கறியும் புரதமும் இடம்பெறுதல், மருந்தைக் குறித்த வேளையில் விழுங்குதல். இவற்றுள் எத்தனை நோயாளியின் விருப்பத்துக்கு உட்பட்டவை? ஆடைத் தொழிற்சாலையில் இரவு முறை வேலை செய்யும் பெண்ணுக்கு உறக்க நேரத்தை வகுப்பவர் வேறொருவர். விடியுமுன் கொழுந்து பறிக்கப் புறப்படும் தோட்டத் தொழிலாளிக்குக் காலையுணவு என்பது பெரும்பாலும் ரொட்டித் துண்டும் தேநீருமே. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மீனும் பருப்பும் முட்டையும் விலையேறியபோது, எண்ணற்ற வீடுகளில் தட்டில் எஞ்சியது சோறே. இவையனைத்தும் குருதிச் செறிவாக மாறி ஒரு சிறு திரையில் எண்ணாகத் தோன்றுகின்றன. அந்த எண்ணைப் பார்த்து நாக்கை மட்டும் குற்றஞ்சாட்டுவது, வறுமைக்கும் வேலைமுறைக்கும் உரிய பொறுப்பைத் தனிமனிதரின் தலையில் ஏற்றுவதாகும்.

அவ்வாறு குற்றஞ்சாட்டப்பட்டவர் என்ன செய்வார்? சிகிச்சை நிலையத்துக்குச் செல்லும் நாளுக்கு முன் இரண்டு நாள் அரைப்பட்டினி கிடந்து நல்ல எண்ணைக் காட்டுவார். உயர்ந்த அளவீடுகளைக் கொப்பியில் எழுதாது விடுவார். ஈற்றில் ஏச்சுக்கு அஞ்சிச் செல்வதையே நிறுத்துவார். இம்மூன்றாலும் மருத்துவர் இழப்பது உண்மையை; நோயாளி இழப்பது சிகிச்சையை.

எனவே, 'என்ன சாப்பிட்டீர்கள்?' என்ற வினாவோடு, 'எப்போது உறங்கினீர்கள், காலையில் உண்டீர்களா, என்ன வேலை செய்தீர்கள், மருந்து கையில் இருக்கின்றதா?' என்னும் வினாக்களும் கேட்கப்படுதல் வேண்டும். இவற்றைக் கேட்கப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. நோயாளியின் சொல்லை நம்பிக் கேட்கும் மனப்பாங்கு போதும். அம்மனப்பாங்குக்குரிய அடிப்படையை உடற்றொழிலியல் ஏற்கெனவே நம் கையில் தந்துள்ளது.